‘ஏன் செய்தாய்?’ என்று கேட்காத நீதிமன்றங்கள்

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அந்த ரகசியத்தையே பத்திரிகைக்காரர்கள் கையில் கொடுத்தவர், அமெரிக்க உளவுத் துறையில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன். அவரை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்? என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. தீவிரவாதியைப் பிடிக்க என் போன் பட்டியலைப் பார்க்கிறார்கள் என்றால் பார்த்துவிட்டுப் போகட்டுமே?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். போன் பட்டியலில் அப்படி என்னதான் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் ஸ்னோடன் செய்ததை எடை போட முடியும்.

ஸ்னோடன் கொடுத்தவற்றில், 2013 ஜூன் 5-ஆம் தேதி பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழில் வந்த முதல் ஆவணம் ஒரு நீதிமன்ற உத்தரவு. வெரைசன் தொலைபேசி நிறுவனத்தின் ஒரு பிரிவு, தன் வழியாகப் போகும் அழைப்புகள் அத்தனையின் விவரத்தையும் நாள்தோறும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.விடம் கொடுக்க வேண்டும் என்றது அது. சந்தேக நபர்களுடைய விவரம் மட்டும் அல்ல, எல்லாருடையதும். இப்படி ஓர் உத்தரவு இருப்பதையே யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கட்டளையும் அதிலேயே இருந்தது. யார், யாரை, எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்பவை மட்டும் போய்ச் சேர்ந்தன. என்ன பேசினார் என்பது போகவில்லை. அரசுத் தரப்பு உடனே சொன்ன சமாதானமும் அதுதான்: பேச்சை யாரும் கேட்கவில்லை, வெறும் மெட்டாடேட்டா.

அந்த ‘வெறும்’ என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஒரு பெண் காலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் பேசுகிறாள். அடுத்து மகப்பேறு மருத்துவருக்கு. அடுத்து, ஒரு வருடமாகப் பேசாத ஒரு ஆணின் எண்ணுக்கு, நாற்பது நிமிடம். கடைசியில் கருக்கலைப்பு மையத்துக்கு. இதில் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை. தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. பேச்சில் மனிதர்கள் பொய் சொல்வார்கள், மழுப்புவார்கள், குறிப்பால் பேசுவார்கள். எண்களின் வரிசை அப்படி எதையும் செய்யாது. அதைக் கணினியில் கொட்டினால் ஒருவரின் நோய், கடன், காதல், கட்சி எல்லாம் அட்டவணையாக வந்து நிற்கும். என்.எஸ்.ஏ.வுக்கும் சி.ஐ.ஏ.வுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-இல் பொதுமேடையிலேயே சொன்னார். கொல்வதற்குப் போதுமான தகவலை ‘வெறும்’ என்று தள்ளிவிட முடியாது.

இதில் ஒரு கணக்கும் உண்டு. சந்தேகத்துக்குரிய ஓர் எண்ணை எடுத்தால், அதோடு பேசியவர்கள், அவர்களோடு பேசியவர்கள், அவர்களோடும் பேசியவர்கள் என்று மூன்று படி வரை போக என்.எஸ்.ஏ.வுக்கு அனுமதி இருந்தது. ஒருவர் 75 பேரோடு பேசுகிறார் என்று வையுங்கள். முதல் படியில் 75, இரண்டாம் படியில் 5,625, மூன்றாம் படியில் 4 லட்சத்து 21 ஆயிரத்து 875. ஒரே ஒரு எண்ணில் தொடங்கி ஒரு நகரமே வலைக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் சந்தேக நபராக இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தேக நபர் பீட்சா வாங்கிய கடையில் நீங்களும் ஒரு நாள் வாங்கியிருந்தால் போதும்.

சரி, உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்காக அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்களிடம் இருக்கிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரரின் ரகசியம் இருக்கிறது, நிருபரிடம் தகவல் தந்தவரின் பெயர் இருக்கிறது, எதிர்க்கட்சித் தலைவரிடம் நாளைய திட்டம் இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் என்.எஸ்.ஏ. ‘மினரெட்’ என்ற பெயரில் ஒரு கண்காணிப்புப் பட்டியல் வைத்திருந்தது. வெளிநாட்டுத் தொடர்புகளைக் கவனிக்கத்தான் அது என்றார்கள். அதில் மார்ட்டின் லூதர் கிங் இருந்தார், குத்துச்சண்டை வீரர் முகமது அலி இருந்தார். பின்னாளில் இதே உளவு அமைப்புகளை விசாரிக்க அமைக்கப்பட்ட செனட் குழுவின் தலைவர் பிராங்க் சர்ச்சும் இருந்தார். தன்னை விசாரிக்கப் போகிறவரின் பேச்சைத் தானே ஒட்டுக்கேட்டிருக்கிறது அந்த அமைப்பு. நீங்கள் இழப்பது உங்கள் அந்தரங்கத்தை மட்டும் அல்ல, உங்கள் சார்பில் கேள்வி கேட்கும் ஆட்களின் துணிச்சலையும்தான்.

அடுத்து, பாதுகாப்பு கிடைத்ததா? 2013-இல் என்.எஸ்.ஏ. தலைவராக இருந்த கீத் அலெக்சாண்டர், கண்காணிப்புத் திட்டங்களால் 54 தீவிரவாதச் செயல்கள் தடுக்கப்பட்டன என்றார். செனட் குழுவில் துருவிக் கேட்டபோது, தொலைபேசிப் பட்டியல் உதவியதாகச் சொல்லத்தக்கது ஒன்றோ இரண்டோ என்று இறங்கி வந்தார். சான் டியேகோவில் டாக்சி ஓட்டிய ஒருவர் சோமாலியாவின் அல் ஷபாப் அமைப்புக்கு 8,500 டாலர் அனுப்பிய வழக்குதான் அந்த ஒன்று. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கையும் அலசியது. தண்டனையை ரத்து செய்யவில்லை. ஆனால், பட்டியல் சேகரிப்பு சட்ட விரோதம் என்றது. இந்த வழக்கில் அதன் பங்கு பற்றி அதிகாரிகள் வெளியில் ஏற்படுத்திய எண்ணம், ரகசிய ஆவணங்களில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றும் எழுதியது. அமெரிக்க அரசே நியமித்த தனியுரிமை மேற்பார்வைக் குழுவும் 2014 ஜனவரி அறிக்கையில், எந்த விசாரணையிலும் இந்தத் திட்டம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படுத்தியதாகக் காணோம் என்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதே குழு ஆறு மாதம் கழித்து இன்னொரு திட்டத்தை ஆராய்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களைக் குறிவைத்து அவர்களின் இணையத் தொடர்புகளைச் சேகரிக்கும் திட்டம் அது. அது பயனுள்ளது, அடிப்படையில் சட்டத்துக்கு உட்பட்டது என்று அந்தக் குழு முடிவு சொன்னது. ஆகவே கண்காணிப்பு என்றாலே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உளவுத் துறை இல்லாமல் நாடு இருக்க முடியாது. எது பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று வெளியாள் ஒருவர் பிரித்துப் பார்க்க முடிந்ததே ஆவணங்கள் வெளியே வந்த பிறகுதான். என் வாதம் அவ்வளவுதான்.

அதற்கு முன் ஏன் முடியவில்லை? ஸ்னோடன் வெளியிடுவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, 2013 பிப்ரவரி 26-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பும் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும், எங்கள் தொடர்புகள் கண்காணிக்கப்படுகின்றன, இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். 5-க்கு 4 என்ற கணக்கில் வழக்குத் தள்ளுபடி ஆனது. காரணம், நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள் என்பதை உங்களால் நிரூபிக்க முடியவில்லை, ஆகவே வழக்குத் தொடர உங்களுக்கு உரிமை இல்லை. யார் கண்காணிக்கப்படுகிறார்கள் என்பது ரகசியம். ரகசியம் என்பதால் ஆதாரம் கிடைக்காது. ஆதாரம் இல்லாததால் நீதிமன்றம் கேட்காது. செக்குமாடு மாதிரி எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டியதுதான்.

உள்ளே ஒரு நீதிமன்றம் இருந்தது உண்மை. 1978-இல் அமைக்கப்பட்ட ரகசிய நீதிமன்றம் அது. அன்று அரசுத் தரப்பு மட்டும்தான் வந்தது, எதிர்த்தரப்பு கிடையாது. 1979 முதல் 2012 வரை 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அதற்கு வந்தன, நிராகரிக்கப்பட்டவை 11. பல விண்ணப்பங்களைத் திருத்தச் சொல்லி அனுப்பினார்கள் என்று அந்த நீதிமன்றத்துக்காகப் பரிந்து பேசுபவர்கள் சொல்வார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் எதிர்வாதம் செய்ய ஆளே இல்லாத இடத்தில் எவ்வளவு நேர்மையான நீதிபதியும் ஒரு பக்கத்தைத்தான் கேட்க முடியும்.

நாடாளுமன்றமாவது? 2013 மார்ச் 12-இல் செனட்டர் ரான் வைடன், தேசிய உளவுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் பகிரங்கமாகக் கேட்டார்: லட்சக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்.எஸ்.ஏ. ஏதாவது தகவல் சேகரிக்கிறதா? கிளாப்பர் இல்லை என்றார். தெரிந்தே செய்வதில்லை என்று சேர்த்துக்கொண்டார். வைடனுக்கு உண்மை தெரியும். அவர் செனட்டின் உளவுத் துறைக் குழு உறுப்பினர். தெரிந்தும் சொல்ல முடியாது, சொன்னால் அவரே ரகசியக் காப்பு விதியை மீறியவர் ஆவார். அந்த அரங்கில் கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் உண்மை தெரிந்திருந்தது. யாருக்காக அந்த விசாரணையைப் பகிரங்கமாக நடத்தினார்களோ, அந்த மக்களுக்கு மட்டும் தெரியவில்லை. இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. அந்தப் பதில் தன்னை அசைத்த விஷயங்களில் ஒன்று என்று ஸ்னோடனும் பின்னால் சொன்னார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம், முறைப்படி புகார் கொடுத்திருக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். அப்படிச் செய்தவர் ஒருவர் இருக்கிறார், தாமஸ் டிரேக். என்.எஸ்.ஏ.வில் உயர் அதிகாரி. அவர் அந்தப் பதவியில் சேர்ந்த முதல் நாள் 2001 செப்டம்பர் 11. ‘டிரெயில்பிளேசர்’ என்ற திட்டத்தில் பணம் தண்ணீராக ஓடுவதையும், சட்டத்துக்குப் புறம்பாகச் சொந்த மக்களின் தகவல் சேகரிக்கப்படுவதையும் அவர் பார்த்தார். மேலதிகாரிகளிடம் சொன்னார். துறையின் கண்காணிப்பு அதிகாரியிடம் சொன்னார். நாடாளுமன்றக் குழுக்களிடம் சொன்னார். 2002-இல் அவருடைய முன்னாள் சகாக்கள் சிலர் பாதுகாப்புத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தபோது, அதற்கு உள்ளிருந்து சாட்சியாக நின்றதும் அவர்தான். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. நூறு கோடி டாலருக்கும் மேல் விழுங்கிய டிரெயில்பிளேசர் 2006-இல் கைவிடப்பட்டது. ஆக, பண விரயம் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை.

பலன் என்ன தெரியுமா? 2007-இல் புகார் கொடுத்தவர்கள் வீடுகளில் ஆயுதம் தாங்கிய எஃப்.பி.ஐ. ஆட்கள் சோதனை போட்டார்கள். சில மாதம் கழித்து டிரேக்கின் வீட்டிலும். 2010-இல் அவர் மீது பத்துக் குற்றச்சாட்டுகள், அவற்றில் ஐந்து 1917-ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ். நிரூபிக்கப்பட்டால் 35 ஆண்டு சிறை. 2011-இல் வழக்கு விசாரணைக்கு வரும் தறுவாயில் அரசே பின்வாங்கியது. கணினியை அனுமதி மீறிப் பயன்படுத்தினார் என்ற சில்லறைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 240 மணி நேரச் சமூகப் பணியும் விதிக்கப்பட்டன. அரசு இந்த வழக்கை நடத்திய விதத்தை நீதிபதியே கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அதற்குள் டிரேக்கின் வேலை போயிருந்தது, ஓய்வூதியம் போயிருந்தது, சேமிப்பு வழக்குச் செலவில் கரைந்திருந்தது. என்.எஸ்.ஏ.வில் உயர் பதவி வகித்தவர் ஆப்பிள் கடையில் விற்பனை வேலைக்குப் போனார்.

இது அத்தனையும் செய்தித்தாளில் வந்தது. ஸ்னோடன் படித்திருந்தார். போதாக்குறைக்கு அவர் நேரடி அரசு ஊழியரும் அல்ல, ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அவரைப் போன்றவர்களுக்கு உளவுத் துறையில் அன்று இருந்த சட்டப் பாதுகாப்பு மிக மெலிதானது. முறைப்படி போனவரை முச்சந்தியில் நிறுத்தி அடித்துவிட்டு, அடுத்தவரிடம் நீ ஏன் முறைப்படி போகவில்லை என்று கேட்பதில் என்ன நியாயம்? டிரேக்கை நல்ல முறையில் நடத்தியிருந்தால் ஸ்னோடன் ஆவணங்களோடு ஹாங்காங்குக்கு விமானம் ஏறியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1971 மார்ச் 8 இரவு முகமது அலிக்கும் ஜோ பிரேசியருக்கும் சண்டை. ஊரெல்லாம் வானொலியில் காது வைத்திருந்த நேரத்தில், பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிறு ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தின் பூட்டைத் திறந்து, எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு திருடியது. ஒருவர் இயற்பியல் பேராசிரியர், ஒருவர் மதவியல் பேராசிரியர், அவர் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர், பூட்டைத் திறந்தவர் டாக்சி ஓட்டுபவர். கிடைத்த கோப்புகளை எல்லாம் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போய்ப் படித்து, பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். வெளியிட்டால் உயிர்களுக்கு ஆபத்து என்று அரசு வழக்கமான எச்சரிக்கையை விடுத்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளியிட்டது. ஒரு காகிதத்தில் இருந்த ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற புரியாத சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நிருபர் வழக்குப் போட்டுத் துருவ, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு திட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. போராட்ட இயக்கங்களுக்குள் ஆள் வைப்பது, சண்டை மூட்டுவது, பொய்க் கடிதம் எழுதுவது. மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தற்கொலையைத் தூண்டும் தொனியில் 1964-இல் மொட்டைக் கடிதம் அனுப்பியதும் எஃப்.பி.ஐ.தான் என்பது பின்னர் உறுதியானது.

அந்த எட்டுப் பேரும் திருடர்கள்தான். சட்டப்படி பார்த்தால் வேறு பெயர் இல்லை. ஆனால் பிராங்க் சர்ச்சின் செனட் விசாரணை வந்ததற்கும், 1978-இல் உளவுக் கண்காணிப்புக்கு முதல் முறையாகச் சட்டக் கடிவாளம் போடப்பட்டதற்கும் அந்தத் திருட்டு ஒரு தொடக்கம். எஃப்.பி.ஐ. அவர்களைப் பிடிக்கவே முடியவில்லை. 2014 ஜனவரியில்தான், வயதாகி, வழக்குக் காலம் எப்போதோ முடிந்த பிறகு, அவர்களில் சிலர் தாங்களாகவே வெளியே வந்து நாங்கள்தான் என்றார்கள். உளவுக்கு வரம்பு கட்டிய சட்டங்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு சட்ட மீறல் நிற்கும். 2015-இல் தொலைபேசிப் பட்டியல் மொத்தச் சேகரிப்பை நிறுத்திய அமெரிக்கச் சட்டத்துக்கும் அதே கதைதான். பிரிட்டனின் கண்காணிப்பு முறை மனித உரிமைகளை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 மே மாதம் சொன்ன தீர்ப்புக்கும் அடியில் கிடப்பவை ஸ்னோடனின் காகிதங்கள்.

அதற்காக, ரகசியத்தை வெளியிட்டவர் எல்லாம் நல்லவர் என்று நான் சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு. சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985 முதல் சோவியத்துக்குப் பெயர்களை விற்றார். குறைந்தது பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அது உளவு, பணத்துக்காகச் செய்த துரோகம். 2023-இல் கைதான ஜாக் டெஷேரா என்ற 21 வயது இளைஞர், உக்ரைன் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை ‘டிஸ்கார்ட்’ என்ற இணைய அரட்டைத் தளத்தில் விளையாட்டு நண்பர்களிடம் பெருமையடிக்கக் கொட்டினார். எந்த அநீதியையும் அவர் சுட்டவில்லை. விக்கிலீக்ஸ் 2011 செப்டம்பரில் இரண்டரை லட்சம் தூதரகச் செய்திகளைப் பெயர்களை மறைக்காமல் அப்படியே வெளியிட்டபோது, அதுவரை அதோடு சேர்ந்து வேலை செய்த ஐந்து பத்திரிகைகளும் கண்டித்தன. சர்வாதிகார நாட்டில் இருந்துகொண்டு ஒரு தூதரிடம் நம்பிப் பேசியவரின் பெயரை வெளியிடுவது மன்னிக்கக் கூடியது அல்ல.

ஸ்னோடனிடமும் எனக்குக் குறை உண்டு. சீனக் கணினிகளுக்குள் அமெரிக்கா நுழைந்தது பற்றி ஹாங்காங் பத்திரிகைக்கு அவரே விவரம் கொடுத்தார். வெளிநாட்டை உளவு பார்ப்பது உளவு அமைப்பின் வேலை. அமெரிக்க மக்களின் அந்தரங்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவர் எடுத்த 15 லட்சம் ஆவணங்களில் பெரும்பாலானவை தனியுரிமையோடு தொடர்பில்லாதவை என்று 2016-இல் பிரதிநிதிகள் சபைக் குழு குற்றம் சாட்டியது. அந்த எண்ணிக்கையை ஸ்னோடன் தரப்பு ஏற்கவில்லை. ஆனாலும் தேவைக்கு மேல் எடுத்தாரா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அவர் பக்கம் நான் சேர்த்துச் சொல்வது ஒன்று: எதையும் இணையத்தில் கொட்டவில்லை. பத்திரிகையாளர்களிடம் கொடுத்து, எதை வெளியிடுவது பொதுநலன், எது ஆபத்து என்று நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றார். பெயரை மறைத்துக்கொள்ளவும் இல்லை. நான்கே நாளில் முகம் காட்டினார்.

ஆக, ஏம்ஸ் வேறு, டெஷேரா வேறு, டிரேக் வேறு, ஸ்னோடன் வேறு. நமக்குத் தெரியும் இந்த வேறுபாடு, ஜூரியில் உட்காரும் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. முதல் உலகப் போரின்போது எழுதப்பட்ட அந்த 1917 சட்டம் ஒன்றுதான் எல்லாருக்கும். கொடுத்தாயா, கொடுக்க உனக்கு அதிகாரம் இருந்ததா என்று மட்டும் கேட்கும். ஏன் கொடுத்தாய் என்று கேட்காது.

டேனியல் எல்ஸ்பெர்க் வழக்கில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். வியட்நாம் போர் பற்றி அரசே தயாரித்த 7,000 பக்க ரகசிய ஆய்வை, நான்கு அதிபர்கள் காலத்தில் மக்களிடம் சொன்ன பொய்களின் பதிவை, அவர் இரவிரவாக நகலெடுத்து 1971-இல் பத்திரிகைக்குக் கொடுத்தார். பத்திரிகைகள் வெளியிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. கொடுத்தவருக்கோ 115 ஆண்டு சிறை காத்திருந்தது. கூண்டில் ஏறியதும் அவருடைய வழக்கறிஞர் கேட்டார்: இதை ஏன் நகலெடுத்தீர்கள்? அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார். வாழ்க்கையையே பணயம் வைத்த ஒருவர், அதற்கான காரணத்தை ஜூரியிடம் ஒரு வாக்கியமாகக்கூடச் சொல்ல முடியவில்லை. 1973 மே மாதம் அவர் தப்பித்ததற்கும் காரணம் அவருடைய நியாயம் அல்ல. வெள்ளை மாளிகையின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் புகுந்து திருடியது வெளியே வந்ததால் வழக்கையே நீதிபதி தூக்கி எறிந்தார்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் வெளிப்படை. பாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ‘பெல்கிரானோ’ போர்க்கப்பலைப் பிரிட்டன் மூழ்கடித்தது பற்றி அமைச்சர்கள் நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் தருகிறார்கள் என்று கண்ட கிளைவ் பான்டிங் என்ற அதிகாரி, ஆவணங்களை ஒரு எம்.பி.க்கு அனுப்பினார். நாட்டின் நலன் என்றால் அன்றைய அரசின் கொள்கைதான் என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். 1985 பிப்ரவரியில் ஜூரி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவரை விடுவித்தது. அரசு செய்தது என்ன? 1989-இல் புதிய ரகசியச் சட்டம் கொண்டுவந்து, பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாடும் வழியை அடைத்தது. அந்தச் சட்டத்தில்தான் 2003-இல் கேத்தரின் கன் மாட்டினார். இராக் போருக்கு ஐ.நா.வில் வாக்குச் சேர்க்க, பாதுகாப்பு அவையின் சிறு நாடுகளின் பிரதிநிதிகளை ஒட்டுக்கேட்க பிரிட்டனின் உளவு அமைப்பிடம் என்.எஸ்.ஏ. உதவி கேட்ட மின்னஞ்சலை வெளியே கொடுத்த, அந்த அமைப்பின் மொழிபெயர்ப்பாளர் அவர். சந்தேகம் சக ஊழியர்கள் மேல் விழுவதைப் பார்த்து, நான்தான் என்று தானே போய் ஒப்புக்கொண்டார். போர் சட்டப்படி சரியா என்று அரசுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனையைக் காட்டுங்கள் என்று அவர் தரப்பு கேட்டது. 2004 பிப்ரவரி 25-இல் வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும், ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்று அரசுத் தரப்பு கைவிட்டது.

காரணத்தைக் கேட்டால் நீதிமன்றம் ஸ்தம்பித்துவிடுமா? விடாது. ருமேனிய உளவுத் துறையில் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பிரிவில் வேலை பார்த்த கான்ஸ்டான்டின் புக்கூர், பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் முறையின்றி ஒட்டுக்கேட்கப்படுவதைப் பதிவேடுகளில் கண்டார். உள்ளே சொன்னார், அடக்கினார்கள். நாடாளுமன்ற மேற்பார்வைக் குழு உறுப்பினர் ஒருவரிடம் போனார். அந்த உறுப்பினரே, குழுவில் கொடுத்துப் பயனில்லை, செய்தியாளர் கூட்டம் நடத்து என்றார். 1996-இல் நடத்தினார். தண்டிக்கப்பட்டார். 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எப்படி எடை போட்டது? வேறு வழி உண்மையில் இருந்ததா, தகவல் பொதுநலன் சார்ந்ததா, உண்மையா, அதனால் விளைந்த கேடு பயனை மிஞ்சியதா, நல்லெண்ணத்தில் செய்தாரா என்று பார்த்தது. இவற்றில் ஏம்ஸ் எதிலும் தேற மாட்டார். டெஷேராவும் தேற மாட்டார். ஸ்னோடன் சிலவற்றில் தேறுவார், சிலவற்றில் திணறுவார். திணறட்டும், அதற்குத்தானே விசாரணை. கனடாவின் ரகசியச் சட்டத்திலும், உள்ளே முறையிட்டும் பலன் இல்லாதவருக்குப் பொதுநல வாதம் எழுத்திலேயே இருக்கிறது. அதனால் கனடாவின் உளவுத் துறை இழுத்து மூடப்படவில்லை.

ஸ்னோடன் துரோகியா என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். என் தீர்ப்பு, இல்லை. ஆனால் என் தீர்ப்பும் உங்கள் தீர்ப்பும் இதில் செல்லாது, காரணத்தையும் கேடுகளையும் சேர்த்து எடை போடும் ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்புதான் செல்ல வேண்டும். ஸ்னோடனும் அதைத்தான் கேட்கிறார்: ஏன் செய்தேன் என்பதை ஜூரியிடம் சொல்ல அனுமதித்தால் திரும்பி வருகிறேன் என்று பல முறை சொல்லியிருக்கிறார். 2013 ஜூலையில், அவர் மாஸ்கோ விமான நிலையத்தில் சிக்கிக் கிடந்தபோது, அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் ரஷ்ய நீதி அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்னோடனுக்கு மரண தண்டனை கேட்க மாட்டோம், சித்திரவதை செய்ய மாட்டோம், சாதாரண நீதிமன்றத்தில் ஜூரி முன் வெளிப்படையான விசாரணை நடக்கும் என்று உறுதி கொடுத்தார். அந்த ஜூரியிடம் காரணத்தைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்ற உறுதி அந்தக் கடிதத்தில் இல்லை. இன்றுவரை யாரும் அதைக் கொடுக்கவில்லை.